வாலில்லாத குண்டுவீச்சு விமானம்: அப்பாவுக்கு ஒரு கடிதம்

லங்காஸ்டர், கலிஃபோர்னியா

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம். அம்மா, சித்தி எல்லோர் நலமும் அறிய ஆவல்.

இந்த ஊர் மொஹாவே பாலைவனத்தின் மேற்கு ஓரம். மழை அரிது, மதியத்துக்குமேல் காற்று பிய்த்துக்கொண்டு வீசும். கொஞ்சம் தள்ளி ரோஜர்ஸ் என்ற வறண்ட ஏரி. களிமண் இறுகி மைல்கணக்கில் சமதரையாகக் கிடக்கிறது. எஞ்சின் நின்றாலும் இறங்க இடம் உண்டு என்பதால்தான் புது விமானங்களை இங்கே சோதிக்கிறார்கள். அங்குள்ள விமானத் தளத்துக்கு 1940-களில் மியூராக் என்று பெயர்.

வாலில்லாத விமானம் கவிழாமல் எப்படிப் பறந்தது என்று கேட்டிருந்தீர்கள். பட்டறைக்காரருக்கு அரைகுறையாகச் சொன்னால் பிடிக்காது, விவரமாகவே எழுதுகிறேன்.

1941-இல் அமெரிக்க ராணுவம் கேட்டது இது: 10,000 பவுண்டு குண்டு சுமக்க வேண்டும், போய்த் திரும்ப 10,000 மைல் பறக்க வேண்டும். விமானத்தைத் தூக்குவது இறக்கை. உடலும் வாலும் எடையையும் காற்றுத் தடையையும் கூட்டுகின்றன. ஆகவே எஞ்சின், பெட்ரோல், குண்டு, ஆட்கள் எல்லாவற்றையும் இறக்கைக்குள்ளேயே அடக்கிவிடலாம் என்று லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்து ஹாதோர்னில் விமானத் தொழிற்சாலை வைத்திருந்த ஜாக் நார்த்ரப் கணக்குப் போட்டார். அப்படி வந்ததுதான் எக்ஸ்பி-35. நுனிக்கு நுனி 172 அடி, நீளம் 53 அடிதான்.

வாலில்லாப் பட்டம் கரணம் போடும் அல்லவா? அதே சிக்கல் இங்கும் உண்டு. இறக்கையைப் பின்னோக்கிச் சாய்த்து, நுனியை லேசாகக் கீழ்நோக்கி முறுக்கி, எடை மையத்தை முன்னால் வைத்தார்கள். பின்விளிம்பிலுள்ள மடல்கள் இரண்டும் சேர்ந்து அசைந்தால் மூக்கு ஏறி இறங்கும், எதிரெதிராக அசைந்தால் விமானம் சாயும். இடம் வலம் திருப்ப, அந்தப் பக்க நுனியில் உள்ள பிளந்த மடல் மேலும் கீழும் விரியும். அங்கே தடை கூடி, விமானம் அந்தப் பக்கம் இழுபடும்.

ஆபத்து வேகம் குறையும்போது வரும். சாய்ந்த இறக்கையில் நுனிதான் முதலில் தூக்குவிசையை இழக்கும். நுனி எடை மையத்துக்குப் பின்னால் இருப்பதால் மூக்கு இன்னும் மேலே ஏறும், நிலைமை மோசமாகும். இதைப் படிக்க, மூன்றில் ஒரு பங்கு அளவில், 60 அடி அகலத்தில் என்-9எம் என்ற சோதனை விமானங்களைச் செய்தார்கள். அவற்றில் முதலாவது 1943 மே மாதம் சுழன்று விழுந்து விமானி இறந்தார். தலைகீழாகத் தாக்கிய காற்று மடல்களைத் தள்ள, கட்டுப்பாட்டுத் தண்டு அவர் பக்கமே இறுகிவிட்டது. பிறகு வந்தவற்றில் அவசரத்துக்கு ஒரு ஹைட்ராலிக் உதவி வைத்தார்கள்.

இனி உங்கள் துறை. எக்ஸ்பி-35-இல் 28 சிலிண்டர் பிராட் அண்ட் விட்னி எஞ்சின் நான்கு. அவை இறக்கையின் உள்ளே இருக்க, ப்ரொப்பெல்லர்கள் பின்விளிம்பில். நடுவே நீண்ட ஷாஃப்ட், கடைசியில் ஒரே அச்சில் எதிரெதிராகச் சுழலும் இரட்டை ப்ரொப்பெல்லருக்கான கியர் பாக்ஸ். 1946 ஜூன் 25 அன்று ஹாதோர்னிலிருந்து மியூராக்குக்கு முதல் பறப்பு நன்றாகவே முடிந்தது. அதன்பின் கியர் பாக்ஸும் ப்ரொப்பெல்லர் கட்டுப்பாடும் மாறி மாறித் தொல்லை கொடுத்தன. ஒற்றை ப்ரொப்பெல்லருக்கு மாற்றினார்கள், அதிர்வு கூடியது, திறன் குறைந்தது. என் கணிப்பில், இந்தத் திட்டத்தை நோகடித்தது இந்தப் பரிமாற்ற அமைப்புதான். அதைச் சரிசெய்வதற்குள் ஜெட் காலம் வந்துவிட்டது.

அதே இறக்கையில் எட்டு ஜெட் எஞ்சின் பொருத்தினார்கள். அதுதான் ஒய்பி-49, 1947 அக்டோபரில் பறந்தது. ப்ரொப்பெல்லரும் ஷாஃப்ட் உறையும் மூக்கை நேராக வைக்க உதவிக்கொண்டிருந்தன. அவற்றை எடுத்ததும் அந்த உதவி போயிற்று, ஈடுசெய்ய நான்கு சிறு துடுப்புகள் வைக்க வேண்டியதாயிற்று. வேகம் கூடியது, ஆனால் ஜெட் எரிபொருளைக் குடித்ததால் பறக்கும் தூரம் பாதியளவுக்கு வந்தது. மூக்கு இடமும் வலமும் அலைந்ததில் குண்டு குறி தவறியது. தானியங்கிக் கருவி அந்த அலைச்சலை ஓரளவே குறைத்தது.

1948 ஜூன் 5 அன்று ஒன்று வானிலேயே உடைந்தது, வெளி இறக்கைகள் கழன்றுவிட்டன. மேஜர் டேனியல் ஃபோர்ப்ஸ், கேப்டன் கிளென் எட்வர்ட்ஸ் உட்பட ஐந்து பேர் இறந்தார்கள். மியூராக் தளம் 1949-இல் எட்வர்ட்ஸ் ஆனது அவர் நினைவாகத்தான். பெரிய விமானங்களில் ஒன்றைக்கூட மிச்சம் வைக்காமல் வெட்டிப்போட்டது எனக்கு ஆறவே ஆறாத விஷயம்.

பக்கத்து ஊரான பாம்டேலிலிருந்து 1989-இல் பி-2 என்ற வாலில்லாக் குண்டுவீச்சு விமானம் முதன்முதலாகக் கிளம்பியது. அதற்கும் அகலம் 172 அடி. விமானியின் கைக்கு எட்டாத வேகத்தில் கம்ப்யூட்டர் மடல்களை ஓயாமல் திருத்துகிறது, அதனால்தான் அது நேராகப் பறக்கிறது.

விசா கிடைத்து நீங்கள் வந்தால் வர்ஜீனியாவுக்குப் போவோம். நார்த்ரப்பின் 1940-ஆம் ஆண்டு மர விமானம் என்-1எம் அங்கே ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நுனிகளின் சாய்வைத் தரையிலேயே மாற்றிப் பார்க்கும்படி செய்தது, உங்களுக்குப் பிடிக்கும். பாஸ்போர்ட் காலாவதித் தேதியை மறக்காமல் எழுதுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மகன்