எங்கள் கோவிலுக்குக் கை கொடுத்த எல்லாருக்கும்

சபையாருக்கு ஸ்தோத்திரம். சபைக்கு வெளியே இருந்து வந்து தோள் கொடுத்த எல்லாருக்கும் வணக்கம்.

வெள்ளத்தில் கெட்டுப்போன எங்கள் கோவிலைப் புதுப்பித்து, போன மாதம் பிரதிஷ்டை செய்த அன்று நன்றி சொல்ல எழுந்து நின்றேன். ஐந்து நிமிஷம் தந்தார்கள். நாலு பேரைச் சொல்வதற்குள் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அசன விருந்துக்கும் பந்தி போட ஆரம்பித்துவிட்டார்கள். சொல்லாமல் விட்டது அன்றிலிருந்து மனசில் கிடந்து உறுத்துகிறது. அதைத்தான் இப்போது எழுதுகிறேன். பெயர்களைப் போடவில்லை. கொடுத்தவர்களில் பாதிப் பேர் "என் பேரைச் சொல்லாதீங்க" என்று சொல்லியே கொடுத்தார்கள். செய்ததைச் சொல்கிறேன், யாரென்று அவரவருக்குத் தெரியும்.

வெளியூரில் இருக்கிறவர்களுக்காக இரண்டு வார்த்தை. எங்களுடையது பெரிய கோவில் இல்லை. மெஞ்ஞானபுரத்தின் 192 அடிக் கோபுரம் இங்கே கிடையாது. கால்டுவெல் ஐயர் 1847-ல் தொடங்கி 1880-ல் பிரதிஷ்டை செய்த இடையன்குடி ஆலயத்தின் வேலைப்பாடும் கிடையாது. மிஷனரி ரேனியஸ் ஐயர் 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்த பிறகு இந்தப் பக்கத்துப் பனையேறி ஊர்களில் பள்ளியும் ஜெபவீடுமாக முளைத்தவை எத்தனையோ. செம்மணல் தேரிக்காட்டு ஓரத்தில் இருக்கும் எங்கள் சபையும் அந்த வரிசையில் ஒன்று. முதலில் ஓலைக் கொட்டகை. பிறகு கருப்பட்டி விற்ற காசைச் சேர்த்துச் செங்கல்லும் சுண்ணாம்புமாகச் சுவர் எழுப்பி, பனைமரச் சட்டங்களான பனங்கை பரப்பி ஓடு போட்டார்கள். வாரநாளில் அதே கட்டடம்தான் பள்ளிக்கூடம். என் ஆச்சி ஆனா ஆவன்னா படித்தது, இப்போது ஞானஸ்நானத் தொட்டி இருக்கிற மூலையில்தான். அப்போது நம் சபைப் பிள்ளைகள், அம்மன் கோவில் தெருப் பிள்ளைகள் என்ற பிரிவே இல்லாமல் எல்லாரும் ஒரே பாயில் உட்கார்ந்து படித்தார்கள் என்று ஆச்சி சொல்லுவாள்.

அந்தப் பெரியவர்கள் செய்த இன்னொரு நல்ல காரியம், ஊரிலேயே மேடான இடம் பார்த்துக் கட்டியது. அது எவ்வளவு பெரிய காரியம் என்று எங்களுக்கு 2023 டிசம்பர் 17 ராத்திரிதான் புரிந்தது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. காலை ஆராதனைக்கே குடை பிடித்துத்தான் வந்தோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதென்று பிறகுதான் தெரிந்தது. ராத்திரி குளத்துக் கரை உடைந்தது. கரண்ட் இல்லை, போன் இல்லை. அந்த இருட்டில் யாருக்கு எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியும்? எங்கள் கோவில்பிள்ளை, அதாவது கோவில் ஊழியரான அண்ணாச்சி, மணிக்கயிற்றைப் பிடித்தவர்தான், விடியும்வரை விடவில்லை. மணிச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் ஜனங்கள் வந்து சேர்ந்தார்கள். மறுநாள் அவருடைய இரண்டு உள்ளங்கையும் தோல் உரிந்து சிவந்து கிடந்தன. முதல் நன்றி அந்தக் கைகளுக்கு.

இருநூறு பேருக்கு மேல் உள்ளே இருந்தோம். தெற்குப் பக்கக் கூரை முழுவதும் ஒழுகியது. அசன அண்டாக்களை வரிசையாக வைத்து ஒழுக்கைப் பிடித்தோம், நிறைய நிறைய வாசலில் கொண்டுபோய் ஊற்றினோம். நனையாத இடம் பிரசங்க பீடத்துக்குக் கீழேதான் இருந்தது. காய்ச்சலில் துவண்ட ஒரு கைக்குழந்தையை அங்கே படுக்க வைத்தோம். அம்மன் கோவில் பூசாரியின் தாயாரும் எங்கள் ஐயரம்மாவும் (சபைக் குருவானவரின் மனைவி) மாறி மாறி நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டே இருந்தார்கள். அந்தப் பிள்ளை இப்போது அங்கன்வாடிக்குப் போகிறாள்.

அந்த நாட்களில் படகோடு வந்த கடற்கரை ஊர்த் தம்பிகளுக்கு நன்றி. தங்கள் தெருவிலேயே தண்ணீர் வடியாத நிலையில் ரொட்டியும் பால்பவுடரும் தலையில் வைத்துக்கொண்டு வந்த காயல்பட்டினத்துப் பிள்ளைகளுக்கு நன்றி. இவர்கள் ஆலயத் திருப்பணிக்கு ஒரு செங்கல்லும் எடுத்து வைக்கவில்லை என்று சிலர் நினைக்கலாம். என் கணக்கில் திருப்பணி அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது.

தண்ணீர் வடிந்த பிறகு கோவிலைப் பார்த்தால் வயிறு கலங்கியது. சுவரில் ஆள் உயரத்துக்கு ஈரம். பூச்சு வயிறுபோல உப்பி நின்றது. தட்டினால் பாளம் பாளமாக விழுந்தது. இடித்துவிட்டுக் கான்கிரீட்டில் புதுசாகக் கட்டுவோம் என்று சபைக் கூட்டத்தில் பலர் சொன்னார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். ஒழுகுகிற கூரைக்குக் கீழே பிள்ளையை வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தவர்கள் அவர்கள். அந்தப் பயம் நியாயமானது. முடிவு மாறிப் போன பிறகும் மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல், மண் அள்ளவும் ஓடு சுமக்கவும் முதல் ஆளாக வந்து நின்றார்களே, அதற்கு என்ன கைமாறு செய்வது?

முடிவை மாற்றியது கட்டடக்கலை படித்த நம் ஊர்ப் பெண்தான். லீவுக்கு வந்தவள், ஒரு சின்ன சுத்தியலை எடுத்துக்கொண்டு சுவரைச் சுற்றித் தட்டிக்கொண்டே போனாள். ஒரு இடத்தில் பூச்சை உரித்துக் காட்டினாள். உள்ளே செங்கல் நன்றாக இருந்தது. கெட்டுப்போனது இருபது வருஷத்துக்கு முன் நாங்கள் பூசிய சிமெண்ட். "பெரியம்மா, சுண்ணாம்புச் சுவர் தண்ணியைக் குடிக்கும், வெயில் வந்ததும் வெளிய விட்ரும். நீங்க மேல சிமெண்டைப் பூசி வாயைக் கட்டிட்டீங்க. குடிச்ச தண்ணி எங்க போகும்? உப்பு பூத்துச் செங்கல்லைத் தின்னும்" என்றாள். அந்தச் சிமெண்ட் பூசிய கமிட்டியிலும் நான் இருந்தேன். நல்லது என்று நம்பித்தான் செய்தோம். அதை அவள் பொறுமையாகப் புரிய வைத்தாள். சம்பளம் என்று ஒரு பைசா வாங்கவில்லை.

சரி, சிமெண்டை உரித்தாயிற்று. அடுத்து? ஒன்றும் செய்யக் கூடாது என்றாள். ஒரு கோடை முழுவதும் சுவர் நிர்வாணமாக நின்று காய்ந்தது. போகிற வருகிறவர்கள் எல்லாம் "பணம் தீந்துபோச்சா?" என்று கேட்டார்கள். அந்த மாதங்களில் காத்திருப்பதற்குத்தான் அதிக விசுவாசம் தேவைப்பட்டது.

காரைக்குடிப் பக்கத்திலிருந்து வந்த கொத்தனார் ஐயாவைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். நெற்றி நிறையத் திருநீறு. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வேலைக்கு உள்ளே வருவார். சுண்ணாம்பைக் குழியில் நீற்றி, வாரக்கணக்கில் ஊறவிட்டு, வெண்ணெய்போல ஆன பிறகுதான் கரணையைத் தொட்டார். கடுக்காயையும் கருப்பட்டியையும் தனியாகத் தொட்டியில் ஊறப் போட்டார். உடன்குடிக் கருப்பட்டி கொண்டுவந்து கொடுத்தது நம் வடக்குத் தெருப் பனையேறிகள். பத்து நாளில் அது புளித்து ஊர் முழுக்க வாடை அடித்தது. ஐயா தினமும் காலையில் தொட்டியின் மூடியைத் திறந்து முகர்ந்து பார்ப்பார், "இன்னும் ஆகலை" என்பார், மூடிவிடுவார். ஒரு நாள் முகர்ந்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வேட்டியை மடித்துக் கட்டினார். அன்றைக்குத்தான் பூச்சு ஆரம்பம்.

பரிசுத்த ஸ்தலத்துச் சுவருக்கு மட்டும் கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு சேர்க்க வேண்டும் என்றார். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளிடம் சொன்னோம். அடுத்த ஞாயிறு ஆளுக்கொரு முட்டையைக் கையில் பொத்திக்கொண்டு வந்தார்கள். தெருவில் மற்றப் பிள்ளைகளுக்கும் செய்தி போய், மறுநாள் வேறு வீடுகளிலிருந்தும் முட்டை வந்தது. ஐயா ஒவ்வொன்றையும் உடைத்து மஞ்சளைப் பிரித்தெடுத்தார், அந்த மஞ்சள் அன்று மத்தியானம் வேலையாட்களுக்கு ஆம்லெட் ஆனது. பூசி, தேய்த்து, திரும்பத் திரும்பத் தேய்த்து முடித்த சுவரில் இப்போது விளக்கின் பிம்பம் தெரிகிறது. பிள்ளைகள் வரும்போதெல்லாம் கன்னத்தை வைத்துப் பார்க்கிறார்கள். குளுகுளுவென்று இருக்கிறதாம். அழுக்காகிவிடும் என்று நாங்கள் யாரும் அதட்டுவதில்லை. அது அவர்கள் முட்டை.

கூரைக்குப் பனங்கை தேவைப்பட்டது. அதற்காக ஒரு பனையைக்கூட வெட்டக் கூடாது என்பதில் எங்கள் குருவானவர் ஐயர் உறுதியாக இருந்தார். வெள்ளத்தில் கரையோடு சாய்ந்த பனைகள் கிடந்தன. வயதான பனையேறி மாமா ஒருவர் ஒவ்வொரு மரமாக அரிவாளின் பின்பக்கத்தால் தட்டிப் பார்த்து, வைரம் பாய்ந்ததை மட்டும் தேர்ந்தெடுத்துத் தந்தார். எந்த வெள்ளம் கூரையைக் கெடுத்ததோ, அது சாய்த்த மரம்தான் இப்போது கூரையைத் தாங்குகிறது. பழைய ஓடுகளில் உடையாததைப் பெண்கள் ஒவ்வொன்றாகத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக் கொடுத்தார்கள். கிழக்குப் பக்கம் முழுவதும் அந்தப் பழைய ஓடுதான்.

பணம் எப்படி வந்தது என்று கேட்கிறீர்கள். கணக்கு முழுவதும் நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறது. ஆனால் கைப்பிடி அரிசியைப் பற்றி இங்கே சொல்லியே ஆக வேண்டும். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியாக வைத்து ஞாயிறன்று கொண்டுவருவது நம் பாட்டிமார் காலத்துப் பழக்கம். நடுவில் விட்டுப்போயிருந்தது. பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமார் அதைத் திரும்ப ஆரம்பித்தார்கள். ரேஷன் அரிசிதான் பல வீட்டில். அதிலும் ஒரு பிடி. துபாயிலிருந்தும் தாராவியிலிருந்தும் சென்னைக் கடைகளிலிருந்தும் அனுப்பிய நம் பிள்ளைகளே, உங்கள் பணம் இல்லாமல் கூரை ஏறியிருக்காது. அந்த நன்றி என்றைக்கும் உண்டு. ஆனால் அந்தச் சாக்கில் விழுந்த அரிசியின் சத்தம்தான் வேலை நிற்காமல் நடக்கும் என்ற தைரியத்தை எங்களுக்குக் கொடுத்தது.

இப்போது கோவில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் திறக்கிற கோவில் இல்லை. பெஞ்சுகளைத் தரையோடு பதிக்காமல், நகர்த்துகிற மாதிரி செய்திருக்கிறோம். சாயங்காலம் பெஞ்சை ஓரம் தள்ளிவிட்டால் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கிறார்கள். எந்தத் தெருப் பிள்ளையானாலும் சரி. பாடம் சொல்லிக் கொடுக்க வரும் இரண்டு வாத்தியார்களுக்கும் நன்றி. ரிட்டயர்டு நர்ஸ் அக்கா மாதம் ஒருமுறை பிரஷரும் சுகரும் பார்க்கிறார். வாசலில் சாய்தளம் போட்டதால், ஏழு வருஷமாகப் படி ஏற முடியாமல் ரோட்டில் நாற்காலி போட்டு ஆராதனை கேட்ட ஒரு மாமா இப்போது உள்ளே வந்து உட்காருகிறார். குருவானவர் அங்கி மாற்றும் வெஸ்ட்ரி அறையின் மேல் பரணில் கயிறு, டார்ச், தார்ப்பாய், ஸ்டவ், ஒரு சின்ன ஜெனரேட்டர் எல்லாம் தயாராக இருக்கின்றன. மழைக்காலத்தில் சாவி மூன்று வீட்டில் இருக்கும், அதில் ஒன்று அம்மன் கோவில் தெருவில்.

பிரதிஷ்டை அன்று பேராயர் ஜெபித்துக் கதவைத் திறந்தபோது கொத்தனார் ஐயா கூட்டத்தின் கடைசியில் நின்றிருந்தார். முன்னால் வாருங்கள் என்று எவ்வளவோ கூப்பிட்டோம், வரவில்லை. எல்லாரும் உள்ளே போன பிறகு மெதுவாக வந்து, வாசல் சுவரில் உள்ளங்கையை வைத்து ஈரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டே பந்திக்குப் போனார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அசனத்துக்கு விறகு தந்தவர்கள், வாழை இலை தந்தவர்கள், ராத்திரி முழுக்கக் கத்தரிக்காய் அரிந்தவர்கள், கடைசிப் பந்திவரை பசியோடு நின்று பரிமாறிய பையன்கள், எல்லாருக்கும் நன்றி. இன்னொரு விஷயம். அன்று இரவல் வாங்கிய பாத்திரங்களில் இரண்டு பித்தளை அண்டாவும் ஒரு பெரிய அகப்பையும் யாருடையவை என்று தெரியாமல் வெஸ்ட்ரியில் இருக்கின்றன. புளி போட்டுத் துலக்கி வைத்திருக்கிறோம். எந்த நாள் சாயங்காலமும் வரலாம், கோவில் திறந்துதான் இருக்கும்.

அன்புடன்,
செயலாளர், ஆலயப் புதுப்பிப்புக் குழு