22 பிகோஃபாரட் எல்லா கிரிஸ்டலுக்கும் ஒத்துவராது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன இதழ்ல வந்த சின்ன மைக்ரோகண்ட்ரோலர் போர்டு செய்முறைய படிச்சேன். பசங்க தெர்மாகோல் கிளைடர்ல ஒட்டி பறக்க விடுற அளவுக்கு எடையே இல்லாத போர்டு, நல்ல ஐடியா, படமும் தெளிவா இருந்துச்சு. ஆனா ஒரே ஒரு எடத்துல, 8 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் (சிப்புக்கு தாளம் போட்டுக் குடுக்குற குவார்ட்ஸ் துண்டு) எது கிடைச்சாலும் போடலாம், ரெண்டு பக்கமும் 22 பிகோஃபாரட் கெபாசிட்டர் போதும்னு ஒத்தை வரியில முடிச்சிட்டீங்க. அந்த வரிய நம்பி நான் ரெண்டு ஞாயித்துக்கிழமைய தொலைச்சேன், அதான் இந்த லெட்டர்.

நான் 5 போர்டு செஞ்சேன். சிப் ஏடிமெகா328பி, 3.3 வோல்ட். பழைய தகர டப்பா கிரிஸ்டல் உயரமாவும் கனமாவும் இருக்கேன்னு 3225 சைஸ் வாங்கினேன், அதாவது 3.2க்கு 2.5 மில்லிமீட்டர், பாதி அரிசி மாதிரி இருக்கும், தும்மினா காணாம போயிடும். அஞ்சுல ரெண்டு ஓடுச்சு. மிச்சம் மூணும் பவர் குடுத்தா செத்த மாதிரி கிடக்கும், கிரிஸ்டல் பக்கத்துல விரல வச்சா உடனே ஓட ஆரம்பிக்கும்! நான் சால்டரிங் சரியில்லன்னு நெனச்சு திரும்பத் திரும்ப சூடு காட்டிக்கிட்டே இருந்தேன், ஆசிலாஸ்கோப் வச்சு சிக்னல பாத்தாலும் பிரயோஜனம் இல்ல, ஏன்னா அதோட 10எக்ஸ் புரோபே (தொட்டுப் பாக்குற முனை) ஒரு 10 பிகோஃபாரட் பக்கம் சேத்துடும், நம்ம பாக்குறது புரோப் மாட்டின சர்க்யூட்டத்தான்.

அப்புறந்தான் டேட்டாஷீட்ட எடுத்தேன் (மொதல்லயே எடுத்திருக்கணும்). லோடு கெபாசிட்டன்ஸ், அதாவது கிரிஸ்டல் சரியா ஓட வெளியில மொத்தமா இருக்க வேண்டிய கெபாசிட்டன்ஸ், 9 பிகோஃபாரட்னு போட்டிருந்துச்சு. போர்டு தடம், சிப்போட கால் எல்லாம் சேந்து ஒரு 4 பிகோஃபாரட்னு வச்சுக்கிட்டா, 9ல 4 போக 5, ரெண்டு கெபாசிட்டரும் சீரியஸ்ல வர்றதால அத ரெண்டால பெருக்கினா 10. அப்ப ஒவ்வொரு பக்கமும் போட வேண்டியது 10, நான் போட்டது 22. அந்த 22ங்கிற கணக்கு 15, 16 பிகோஃபாரட் லோடு கேக்குற கிரிஸ்டலுக்குத்தான் பொருந்தும். கூடப் போட்டா ஃப்ரீக்வென்சி கொஞ்சம் கீழ இறங்கும், அது பெரிய விஷயமில்ல, ஆனா கிரிஸ்டல அதிர வைக்கிற ஆசிலேட்டர் சர்க்யூட் கிளம்புறதுக்கே தெம்பு பத்தாம போயிடும், அதான் வினை.

10 மாத்தினதும் அஞ்சும் ஓடுச்சு. சரி முடிஞ்சுதுன்னு விட்டிருக்கலாம், மனசு கேக்கல, கிரிஸ்டலுக்கு சீரியஸ்ல ஒரு 330 ஓம் ரெசிஸ்டர் போட்டு பாத்தேன், நின்னு போச்சு. கிரிஸ்டலோட ஈஎஸ்ஆர் (அதிரும்போது அது காட்டுற உள் தடை) எவ்வளவோ அதுல அஞ்சு மடங்கு ரெசிஸ்டர் போட்டும் கிளம்பினாத்தான் நம்பலாம்னு ஒரு கணக்கு உண்டு. என் 8 மெகாஹெர்ட்ஸுக்கு ஈஎஸ்ஆர் 200 ஓம் வரைக்கும் போகலாம்னு டேட்டாஷீட்லயே இருக்கு, அப்ப 1000 ஓம் தாங்கணும், இது 330க்கே படுத்துடுச்சு.

ஏன் இவ்வளவு? குவார்ட்ஸ் தகடு எவ்வளவு மெலிசோ அவ்வளவு வேகமா அதிரும். 8 மெகாஹெர்ட்ஸுக்கு தகடு சுமாரா 0.2 மில்லிமீட்டர் கனம், 16க்கு 0.1. அந்தக் குட்டி டப்பாவுக்குள்ள கனமான தகட்ட வச்சா நல்லா அதிர எடம் பத்தாது, ஈஎஸ்ஆர் ஏறிடும். அதனால சைஸ் சின்னதா போகப் போக ஃப்ரீக்வென்சி கூட இருக்குறதுதான் லேசு, நாம நெனக்கிறதுக்கு நேர் தலைகீழ்.

கடைசியில அதே சைஸ்ல 16 மெகாஹெர்ட்ஸ், ஈஎஸ்ஆர் 60 ஓம் வாங்கிப் போட்டேன், 330 ஓம் போட்டும் அஞ்சும் கிளம்புச்சு. 3.3 வோல்ட்ல அந்த சிப்ப 16ல ஓட்டக்கூடாது, அதனால கிளாக்க எட்டால வகுக்குற ஃப்யூஸ (சிப்புக்குள்ள இருக்குற ஒரு செட்டிங்) அப்படியே விட்டுட்டு, புரோகிராம் ஆரம்பிச்சதும் ரெண்டால வகுத்து 8க்கு கொண்டுவந்துட்டேன்.

இன்னொண்ணு, சும்மா ஜிபிஎஸ்லேர்ந்து 9600 பாட் வேகத்துல டேட்டா வாங்கி மெமரியில எழுதுறதுக்கு கிரிஸ்டலே தேவையில்ல, அரை சதவீதம் வரைக்கும் தப்புற செராமிக் ரெசனேட்டர் (குவார்ட்ஸுக்குப் பதிலா பீங்கான் அதிர்றது) போதும், கெபாசிட்டரும் உள்ளயே இருக்கும், கீழ விழுந்தாலும் தாங்கும். சிப்புக்குள்ளயே இருக்குற ஆர்சி கிளாக் (ரெசிஸ்டர், கெபாசிட்டர் வச்சு ஓடுறது) மட்டும் வேண்டாம், ஃபேக்டரி செட்டிங்ல 10 சதவீதம் வரைக்கும் தப்பலாம்.

நேரம் கணக்கு வைக்கணும்னா அது வேற கதை, அதுக்கு 32768 ஹெர்ட்ஸ் வாட்ச் கிரிஸ்டல் இருக்கு. எங்கப்பா வாட்ச் கடை வச்சிருந்தார், கத்திரி வெயில்ல சுவர்க்கடிகாரம் லேட்டா ஓடுதுன்னு ஆளுங்க வருவாங்க, அவர் பேட்டரி மாத்தி அனுப்புவார். பாவம் பேட்டரி என்ன பண்ணும், 25 டிகிரியில சரியா ஓடுற அந்த கிரிஸ்டல் 45 டிகிரியில நாளைக்கு ஒரு செகண்டுக்கு மேல பின்தங்கத்தான் செய்யும்.

அடுத்த இதழ்ல பாகங்கள் பட்டியல்ல கிரிஸ்டலுக்கு நேரா லோடு கெபாசிட்டன்ஸும் ஈஎஸ்ஆரும் சேத்துப் போடுங்க. அந்த 22ஐயும் திருத்திடுங்க, எங்க தெரு பசங்க நாலு பேரு அதே படத்த பாத்து ஆர்டர் போட ரெடியா இருக்கானுங்க.

இப்படிக்கு,
வாட்ச் கடைக்காரர் மகன், திண்டுக்கல்