கதை சொன்னவர் வீட்டுக்கு ஒலிப்பதிவின் ஒரு படி கொடுங்கள்

கடலூர், புதுச்சேரி வட்டாரங்களில் நாட்டார் கதைகளின் ஒலிப்பதிவுகளைப் பொறுப்பில் வைத்திருக்கும் துறைத் தலைவர்களுக்கும், நூலகர்களுக்கும், ஆய்வாளர்களுக்கும் வணக்கம்.

1992ஆம் ஆண்டு, தென்பெண்ணைக் கரையில் கண்டக்காட்டில் இருந்த எங்கள் வீட்டுத் திண்ணைக்கு ஆய்வு மாணவர் ஒருவர் டேப் ரெக்கார்டரோடு வந்தார். கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்ட அப்பர் திருப்பாதிரிப்புலியூரில் கரையேறிய கதையை என் ஆயா அவருக்குச் சொன்னார். ஆயாவின் கதையில் அப்பரை முதலில் பார்த்தவள் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண். வெற்றிலை இடிக்கும் கை நிற்காமலே ஆயா கதை சொல்ல, பக்கத்தில் உட்கார்ந்து ‘உம்’ கொட்டியவன் பத்து வயதுச் சிறுவனாகிய நான். ஒரு கேசட் எங்களுக்கும் வரும் என்று அவர் சொல்லிப் போனார்; வரவில்லை. ஆயா இறந்து பல ஆண்டுகள் கழித்து அதைத் தேடிப் போனபோது, தரைத்தள அறையில் சாக்கில் கட்டி வைத்திருந்த கேசட்டுகள் 2015 மழையில் நனைந்துவிட்டதால் குப்பையில் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். சொன்னவர் குரலில் வருத்தமே இல்லை என்பதுதான் இன்றுவரை என்னை உறுத்துகிறது.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம், எங்கோ ஒரு மலைநாட்டில் இதே இழப்பை வேறு விதமாக எதிர்கொண்ட சிலர். அமெரிக்காவின் கெண்டக்கி மாநிலத்துக் கிழக்குப் பகுதியில், அப்பலாச்சிய மலைகளுக்கு நடுவே வைட்ஸ்பர்க் என்ற நிலக்கரிச் சுரங்க நாட்டுச் சிற்றூர் இருக்கிறது. அரசின் வறுமை ஒழிப்புத் திட்டத்தின் கீழ் 1969இல் அங்கே இளைஞர்களுக்குப் படமெடுக்கக் கற்றுத்தரும் பட்டறை ஒன்று தொடங்கியது. வெளியூர்க் கேமராக்கள் தங்கள் மலையில் வறுமையை மட்டுமே பார்த்துப் போனதைக் கண்டிருந்த அந்தப் பிள்ளைகள், பின்னர் அந்தப் பட்டறையைத் தாங்களே ஏற்று நடத்தினார்கள். அதுவே அப்பல்ஷாப். 1975இல் அதிலிருந்து பிறந்த ரோட்சைட் தியேட்டர் என்ற நாடகக் குழு, தம் வீடுகளில் வழங்கிய கதைகளையும் பாட்டுகளையும் மேடைக்குக் கொண்டுவந்தது. 1985 முதல் அவர்களுக்குச் சொந்த வானொலியும் உண்டு. அந்த மலைகளில் உள்ள சிறைகளில் அடைபட்டிருப்போருக்கு அவர்கள் வீட்டாரின் குரலை வாரந்தோறும் ஒலிபரப்புகிறார்கள். குரல் யாருக்கு உரியதோ அவரிடம் அது போய்ச் சேர வேண்டும் என்று நினைப்பவர்களால்தான் இப்படியொரு நிகழ்ச்சியை நடத்த முடியும் என்று நான் நம்புகிறேன்.

2022 ஜூலை 28 அன்று கெண்டக்கி ஆற்றின் வடகிளை, அதுவரை பதிவான அளவுகளையெல்லாம் தாண்டிப் பெருகி அவர்கள் கட்டடத்துக்குள் புகுந்தது. கிழக்குக் கெண்டக்கியில் 40 பேருக்கு மேல் உயிரிழந்த வெள்ளம் அது. கீழ்த்தளத்தில் இருந்த காப்பகத்தின் படச்சுருள்களும் ஒலிநாடாக்களும் சேற்றில் மூழ்கின. அவர்கள் எதையும் குப்பையில் போட அவசரப்படவில்லை. ஊராரும் தன்னார்வலர்களும் சேர்ந்து சேற்றைத் துடைத்தார்கள். பூஞ்சை பரவாதிருக்கப் பலவற்றைக் குளிரில் உறையவைத்து, பின்னர் பழுதுபார்க்கும் கூடங்களுக்கு அனுப்பினார்கள். நனைந்த நாடா செத்த நாடா அல்ல என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. என் ஆயாவின் கேசட்டையும் மீட்டிருக்க முடியுமோ என்று அன்றிரவு நெடுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நம்மிடம் அக்கறை இல்லாமல் இல்லை. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் காக்கப்படும் சைவ ஓலைச்சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன், புதுவைப் பல்கலைக்கழகத்துக்கு வந்து இந்த வட்டாரத்துக் கதைகளையும் திரட்டி, 2021இல் மறையும் வரை இங்கேயே வாழ்ந்தார். ஓலைக்குக் கிடைத்த மதிப்பு ஒலிநாடாவுக்குக் கிடைக்கவில்லை என்பதே என் குறை. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலை ஒட்டித் தென்பெண்ணை மறுபடியும் கரைமீறி வந்தபோது, எந்தெந்த அலமாரிகளில் யார் யார் குரல்கள் இருந்தன என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்தோம்?

ஆகவே உங்களிடம் வேண்டுகிறேன். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் தரைத்தளத்தில் இருப்பவற்றை மேல்மாடிக்கு ஏற்றுங்கள். ஒவ்வொன்றையும் கணினிக்கு மாற்றி, படிகளை வெவ்வேறு ஊர்களில் வையுங்கள். கதை சொன்னவரின் பிள்ளைகளைத் தேடிப் பிடித்து அவர்கள் கையில் ஒரு படி கொடுங்கள். இன்றைக்கு அது ஒரு கைப்பேசியில் அடங்கிவிடும். உங்கள் காப்பகம் நனைந்தாலும் அந்த வீட்டில் ஒன்று மிஞ்சும்.

உறையில் பெயரோ ஊரோ எழுதாமல் விட்ட கேசட்டுகள் உங்களிடம் இருக்கலாம். தாழங்குடா, நாணமேடு, உச்சிமேடு, கண்டக்காடு ஆகிய ஊர்களின் பேச்சு எனக்குப் பழக்கம். கூப்பிட்டால் விடுமுறை நாட்களில் வந்து உட்கார்ந்து கேட்டு, எந்த ஊர்க் குரல் என்று என்னால் இயன்றவரை அடையாளம் சொல்கிறேன். இதற்குக் கூலி எதுவும் வேண்டாம்.

அன்புடன்,
கடலூரிலிருந்து ஒரு தமிழாசிரியர்