விழா வளைவை இடம் மாற்றக் கோரி நான்காவது மனு

அனுப்புநர்
திடலுக்குத் தெற்கே உள்ள முட்டுச்சந்து பொதுமக்கள் சார்பாக, அங்கே குடியிருக்கும் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்.

பெறுநர்
உயர்திரு ஆணையர் அவர்கள்,
மாநகராட்சி அலுவலகம்.

பொருள்: தக்கோலப் போரை நினைவுகூரும் விழாவுக்காகத் தெருமுனையில் வைக்கும் அலங்கார வளைவை இடம் மாற்றவும், உடைந்த குடிநீர்க் குழாயைச் சரிசெய்யவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் கொடுத்த மூன்று மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் தெரு தாங்கள் அறியாதது அல்ல. மேல்நிலைத் தொட்டியைத் தாண்டியதும் வரும் சந்து. போக, வர ஒரே வழி. சென்ற ஆண்டு விழாவுக்கு முந்தைய நாள் மாலை அதன் முனையில் நின்றுதான் மேடை வேலையைப் பார்வையிட்டீர்கள்.

விழா வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. 31 வருடம் வரலாறு நடத்தியவன் நான். எனக்கு இதில் மகிழ்ச்சிதான். 949-இல் சோழர்கள் தோற்ற போர் இது. இளவரசர் ராசாதித்தன் யானைமீதே உயிர்விட்டு 'யானைமேல் துஞ்சிய தேவர்' ஆனார். தோல்வியையும் மறக்காமல் இருப்பது நல்லதே. (சென்ற ஆண்டுப் பதாகையில் 'தக்கோல வெற்றி' என்று இருந்தது. வென்றவர் இராட்டிரகூட மன்னர் கன்னரதேவன். இந்த முறையாவது அச்சடிக்கும் முன் யாரிடமாவது காட்டுங்கள்.)

எங்கள் குறை தண்ணீர்தான்.

1. விழா இரண்டு நாள். கோட்டை வாசல் போன்ற பிளைவுட் வளைவு சென்ற ஆண்டு எங்கள் தெருமுனையில் 26 நாள் நின்றது.

2. வாரத்துக்கு இரண்டு முறை வரும் தண்ணீர் லாரி சந்துக்குள் பின்பக்கமாகத்தான் வர முடியும். வளைவு நின்றால் வரவே முடியாது. யானையே நுழையும் உயரம் என்று ஒப்பந்ததாரர் பெருமையாகச் சொன்னார். உயரம் சரி ஐயா, அகலம்? ஓட்டுநர் மெயின் ரோட்டிலேயே நிறுத்தி, பின்னால் வரும் பஸ் ஹாரன் அடிக்கிறது என்று கால் மணி நேரத்தில் கிளம்பிவிடுகிறார். கடைசி வீட்டுக்காரர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவதற்குள் லாரி இருக்காது. என் பக்கத்து வீட்டு அம்மாளுக்கு 72 வயது. இரண்டாவது குடத்தோடு வளைவின் கட்டைக்காலில் இடறி விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது. கட்டோடு அவரை அழைத்துக்கொண்டு அலுவலகம் வந்தோம். 'விழா முடியட்டும், பார்க்கலாம்' என்றார்கள். விழா முடிந்து அப்போது பத்து நாள் ஆகியிருந்தது.

3. லாரியை நம்பும் நிலை ஏன் வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அந்த வளைவுக்குக் குழி தோண்டியபோதுதான் குடிநீர்க் குழாய் உடைந்தது. சாக்கடை கலந்தது. வால்வை மூடினார்கள், இன்றுவரை திறக்கவில்லை. இப்போது அதே இடத்தில் மறுபடியும் சுண்ணாம்புக் கோடு போட்டிருக்கிறார்கள்!

4. அழைப்பிதழில் நீங்களே அச்சடித்திருக்கிறீர்கள்: ராசாதித்தனின் படைவீரர்கள் போருக்குக் காத்திருந்த காலத்தில் வீராணம் ஏரியை வெட்டினார்கள் என்று. வழிவழியாகச் சொல்லப்படும் செய்திதான். 2004 முதல் சென்னைக்கே தண்ணீர் கொடுக்கிறது அந்த ஏரி. சண்டைக்கு வந்த படை ஏரி வெட்டியது. அந்தப் படைக்கு விழா எடுக்க வந்தவர்கள் இருந்த குழாயை உடைத்தார்கள். இதை நான் என் மாணவர்களிடம் எப்படிச் சொல்வது, ஐயா?

5. சந்தில் இரண்டு கைக்குழந்தைகள் இருக்கின்றன.

கோபத்தில் ஏதாவது கூடுதலாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்று மனுவிலும் மரியாதையாகத்தான் எழுதினேன். கேட்பது பெரிதல்ல. வளைவைத் திடலின் கிழக்கு வாசலுக்கு மாற்றுங்கள். அங்கே இரண்டு லாரி சேர்ந்து போகும் அகலம் இருக்கிறது. குழாயை விழாவுக்கு முன் சரிசெய்யுங்கள். அதுவரை சந்தின் நடுவில் ஒரு பிளாஸ்டிக் தொட்டியாவது வைத்து நிரப்பித் தாருங்கள். வளைவை மட்டுமாவது மாற்றுங்கள், ஐயா. குழி தோண்டும் முன் மாற்றுங்கள்.

இப்படிக்கு,
சந்தில் உள்ள 34 வீட்டார்

இணைப்பு: முந்தைய மனுக்களின் ரசீது நகல் 3, வளைவுக்கு வெளியே நிற்கும் லாரியின் படம் 1.