காப்பகங்களுக்கு வரைபடம் போடும் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறியாளர்களுக்கு,

வணக்கம். நகர்ப்புற வீடற்றோருக்கான காப்பகம் ஒன்றில் பணிபுரிகிறேன். நீங்கள் அடுத்து வரையப்போகும் கட்டடத்திலும் ஒரு நீண்ட கூடம், வரிசையாகக் கட்டில்கள், கோடியில் பொதுக் கழிப்பறை, வாசலில் காவலாளி அறை என்றுதான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். அந்தத் தாளைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள்.

நகர மக்கள்தொகையில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகமாவது வேண்டும் என்று 2010இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2013இல் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் ஆளுக்கு 50 சதுர அடி என்று கணக்கு வகுத்தது. நல்ல காரியங்கள்தான், எத்தனையோ பேர் இன்று மழையில் நனையாமல் தூங்குகிறார்கள். ஆனால் ஐம்பது பேரை ஒரே கூடத்தில் படுக்கவைத்தால் அதில் ஒரு அடிகூட யாருக்கும் சொந்தமில்லை. வருபவர்களில் பலர் ஒரு வாரத்தில் பழைய நடைபாதைக்கே திரும்பிவிடுகிறார்கள். நாம் அவர்களை “ஒத்துழைக்காதவர்கள்” என்று பதிவேட்டில் எழுதி வைக்கிறோம்.

அவர்களுடைய மூட்டையைப் பாருங்கள். பாலிதீன் உறையில் இரண்டு சுற்றுச் சுற்றிய ஆதார் நகல், பாதி தீர்ந்த மாத்திரை அட்டை, செல்போன் சார்ஜர், நசுங்கிய அலுமினியக் குண்டான், எப்போதோ எடுத்த ஒரு குடும்பப் புகைப்படம். தெருவில் அதைத் தலைக்கடியில் வைத்தே தூங்கியவர், நாம் கட்டில் கொடுத்த பிறகும் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தே விடியவிடியக் கழிக்கிறார். அவருக்கு வேண்டியது கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பெட்டி, அதற்கொரு பூட்டு, பக்கத்திலேயே ஒரு மின்செருகி. சாவி அவரிடம் இருக்க வேண்டும். அலுவலக ஆணியில் தொங்கக் கூடாது.

கதவும் அப்படித்தான். தெருவில் பல ஆண்டுகள் விழித்தே கிடந்த ஒரு பெண்ணுக்கு, உள்ளிருந்து தாழிட முடிகிற கதவுதான் முதல் மருந்து. அவசரத்துக்கு வெளியிலிருந்து திறக்க ஒரு மாற்றுச் சாவி பணியாளரிடம் இருந்தால் போதும். இரவில் வெளியிலிருந்து பூட்டும் எந்தக் கட்டடத்தைப் பார்த்தாலும் எனக்கு ஏர்வாடி நினைவுக்கு வந்துவிடுகிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டார்கள்.

சென்னை நடைபாதைகளில் இருப்பவர்களில் பலர் தனியாட்கள் அல்லர். பாரிமுனைப் பக்கம் தலைமுறை தலைமுறையாகத் தெருவிலேயே பிள்ளை பெற்று வளர்க்கும் குடும்பங்கள் உண்டு. ஆண்களுக்கு ஒரு காப்பகம், பெண்களுக்கு ஒரு காப்பகம் என்று பிரித்தால் அவர்கள் எதற்காக வரப்போகிறார்கள்? இரவெல்லாம் சந்தையில் மூட்டை இறக்குகிறவர் பகலில்தான் தூங்குவார் என்பதையும் யாரும் யோசிப்பதில்லை. இரவு வாசலை அடைத்துவிட்டு, விடிந்ததும் எழுப்பிவிடும் இடம் அவருக்கு எப்படி வீடாகும்?

வேறு வழி இருக்கிறது. சென்னையில் தொடங்கிய பேன்யன் அமைப்பு 2015 முதல், மனநலம் பாதித்து வீடிழந்த பெண்கள் நான்கைந்து பேருக்குச் சாதாரணத் தெருவில் சாதாரண வாடகை வீடு எடுத்துக் கொடுக்கிறது. துணைக்கு ஒரு பணியாளர் உண்டு. சமையல், கடைத்தெரு, அண்டைவீட்டுப் பேச்சு எல்லாம் அவர்களுடையது. பின்லாந்து அரசு 2008 முதல் பெரிய விடுதிகளைத் தனித்தனி வாடகை வீடுகளாக மாற்றியது. முதலில் வீடு, குடியை விடுவதும் வேலை தேடுவதும் அதற்குப் பிறகு என்பது அவர்கள் வைத்த வரிசை. நாம் தலைகீழாக, திருந்தி வந்தால் வீடு என்கிறோம்.

“தனி வீடுதானே, சென்னைக்குத் தெற்கே பெரும்பாக்கத்தில் எட்டு மாடி கட்டியிருக்கிறோமே” என்பீர்கள். பாரிமுனையில் கூலி வேலை செய்பவருக்கு அத்தனை தொலைவில் வீடு கொடுத்தால், கூலியில் ஒரு பங்கு பஸ்ஸுக்கே போய்விடும். லிஃப்ட் நின்ற நாளில் முழங்கால் வலிக்காரர் வீட்டுக்குள்ளேயே சிறைப்பட்டுவிடுவார். வேலை இருக்கும் இடத்திலிருந்து நடக்கும் தூரத்தில், சிறிய கட்டடங்களாக, தரைத்தளத்தில் சில அறைகளாவது வேண்டும். ஓர் அடுப்பு மேடையும் வேண்டும். மூன்று வேளையும் யாரோ வடிப்பதைத் தட்டேந்தி வாங்கியே ஒருவர் எத்தனை காலம் இருப்பார்?

அடுத்த வரைபடத்தை ஒப்புதலுக்கு அனுப்பும் முன் ஒரு மாலை, நடைபாதைக் குடும்பங்கள் வாழும் சென்னை வால்டாக்ஸ் சாலைக்கு வாருங்கள். அறையின் அளவைத் தரையில் சுண்ணாம்பால் கோடு போட்டுக் காட்டுங்கள். கட்டில் எங்கே, அடுப்பு எங்கே, பிள்ளை படிப்பது எங்கே என்று அவர்களே நின்று காட்டுவார்கள். அன்றைய கூலியை மட்டும் மறக்காமல் கொடுத்துவிடுங்கள். ஆலோசனை சொல்பவர்களுக்குக் கட்டணம் கொடுப்பது உங்கள் துறையில் வழக்கம்தானே.

இப்படிக்கு,
ஒரு காப்பகப் பணியாளர்