செயலாளரின் ஆண்டறிக்கை: மருந்தகத்தில் கியூஆர் குறியீடு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சந்தா நிலுவை, கூட்டங்களின் வருகைப் பதிவு, தணிக்கை முடிந்த வரவு செலவு ஆகியவற்றைப் பொருளாளர் தனியே வாசிப்பார். மருந்தகங்களில் கியூஆர் குறியீட்டை நோயாளிக்கு உண்மையிலேயே பயன்படும்படி வைக்க வழிமுறை வகுத்துத் தருமாறு சென்ற பொதுக்குழு கேட்டிருந்தது. இந்த ஆண்டு செயற்குழுவின் பெரும்பகுதி நேரம் அதற்கே போனது. அறிக்கையும் அதைப் பற்றியதே.

குழு முதலில் எடுத்த முடிவு, குறியீடு லேபிளுக்கு மாற்றாகாது என்பது. மருந்தின் பெயர், வீரியம், எத்தனை மாத்திரை, எந்த வேளை, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, காலாவதி தேதி ஆகிய எல்லாம் எழுத்தில்தான் இருக்க வேண்டும். போன் இல்லாதவர், சார்ஜ் தீர்ந்தவர், சிக்னல் கிடைக்காதவர் கையிலும் அந்த மருந்து இருக்கும். "விவரங்களுக்கு ஸ்கேன் செய்க" என்று மட்டும் அச்சிட்டுக் கொடுப்பது நோயாளியைக் கைவிடுவதற்குச் சமம் என்றே குழு கருதுகிறது.

லேபிளில் அச்சிடும்போது

கியூஆர் குறியீட்டை 1994இல் ஜப்பானின் டென்சோ நிறுவனம் வாகன உதிரிபாகங்களைக் கண்காணிக்க உருவாக்கியது. கறையும் அழுக்கும் படியும் இடத்துக்கென்றே அதில் பிழை திருத்தம் வைத்தார்கள். அதன் நான்கு நிலைகள் ஏறத்தாழ 7, 15, 25, 30 சதவீத சேதத்தைத் தாங்கும். சிரப் பாட்டிலின் கழுத்திலிருந்து மருந்து வழிந்து லேபிளை நனைப்பது அன்றாடம் நடப்பதால், 25 சதவீத நிலையைப் பரிந்துரைக்கிறோம். ஆனால் மூலைகளில் உள்ள மூன்று பெரிய சதுரங்களுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. அவற்றில் ஒன்று கிழிந்தாலே பல போன்கள் குறியீட்டைக் கண்டுகொள்ளாது. ஆகவே லேபிளின் ஓரத்தை ஒட்டி அச்சிட வேண்டாம்.

குறிப்பு முழுவதையும் தமிழில் குறியீட்டுக்குள்ளேயே எழுதிவிடலாமே என்று சில உறுப்பினர்கள் கேட்டிருந்தார்கள். கணக்கைப் பாருங்கள். யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு எழுத்துக்கூறும் 3 பைட் பிடிக்கும்; மெய்யின் புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனிக் கூறுகள். 'மருந்து' என்ற ஒரு சொல்லில் ஏழு கூறுகள்; அதற்கே 21 பைட் ஆகிவிடும். நான்கு வரிக் குறிப்பு எழுதினால் கட்டங்கள் மிகவும் நுண்ணியதாகி, சிறிய லேபிளில் படிக்க முடியாது. சுருக்கமான இணைய முகவரியை மட்டும் வைப்பதே சரி. 32 பைட்டுக்குள் முகவரி அடங்கினால் 25 சதவீத நிலையிலும் 29க்கு 29 கட்டம் போதும்.

அளவுதான் பலர் தவறும் இடம். நான்கு பக்கமும் 4 கட்ட அகலத்துக்கு வெற்றிடம் விடவேண்டும் என்பது விதி. 29 கட்டத்தோடு இரு பக்கத்து 8ஐயும் கூட்டினால் 37. வழக்கமான 203 டிபிஐ (அங்குலத்துக்கு 203 புள்ளி) லேபிள் பிரிண்டர் ஒரு மி.மீட்டருக்கு 8 புள்ளி வைக்கும். ஒரு கட்டத்துக்கு 4 புள்ளி என்று வைத்தால் கட்டம் 0.5 மி.மீ., மொத்தம் 18.5 மி.மீ. இதையே "20 மி.மீ. இருக்கட்டும்" என்று படத்தை இழுத்து விட்டால் கட்டத்துக்கு 4.3 புள்ளி வருகிறது. பிரிண்டரால் புள்ளியைப் பிளக்க முடியாது. ஒரு கட்டம் 4 புள்ளியாகவும் அடுத்தது 5 புள்ளியாகவும் விழுந்து ஓரங்கள் கோணலாகும். திரையில் அழகாகத் தெரிந்த குறியீடு தாளில் படிக்காமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கறுப்புப் பின்னணியில் வெள்ளையாக அச்சிடுவதையும் தவிர்க்கவும். அதைப் படிக்காத ஸ்கேனர்கள் உண்டு.

கண் சொட்டு மருந்துக் குப்பிக்குத் தனி வழி தேவை. 15 மி.மீ. விட்டமுள்ள குப்பியில் 18.5 மி.மீ. லேபிளைச் சுற்றி ஒட்டினால் அது 140 பாகைக்கு மேல் வளைந்துவிடுகிறது. லேபிளின் இரு ஓரங்களும் கேமராவுக்கு மூன்றில் ஒரு பங்கு அகலமாகத்தான் தெரியும்; குறியீட்டின் ஓரக் கட்டங்களும் குறுகித் தெரியும். பல போன்களில் படிப்பது கடினமாகும். அட்டைப்பெட்டியில் ஒட்டலாம் என்றால் அது முதல் நாளே குப்பைக்குப் போய்விடும். லேபிளின் ஒரு முனையைக் குப்பியில் ஒட்டி, மறுமுனையைக் கொடி போல இரண்டாக மடித்து நீட்டிவிடுவதே நடைமுறையில் நிற்கிறது. எங்கே ஒட்டினாலும் தயாரிப்பாளர் அச்சிட்ட பேட்ச் எண்ணையும் (ஒரே தொகுதியாகத் தயாரித்த மருந்துக்கான எண்) காலாவதி தேதியையும் மறைக்கக் கூடாது.

சூட்டால் எழுத்து பதியும் தெர்மல் தாள் வெயிலிலும் சூட்டிலும் கெடும். சானிடைசர் பட்டால் எழுத்தே போய்விடும். சில நாள் மருந்துக்கு அது போதும். மாதக்கணக்கில் வைத்திருக்கும் மருந்துக்கும், குளிர்பெட்டியில் ஈரம் படியும் இன்சுலினுக்கும் மை நாடாவால் அச்சிடும் ரிப்பன் பிரிண்டரில் பிளாஸ்டிக் லேபிள் போடுங்கள்.

பெட்டியில் ஏற்கெனவே இருக்கும் குறியீடு

தயாரிப்பாளர் அச்சிட்டு அனுப்பும் குறியீடு வேறு வேலைக்கானது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2019 பிப்ரவரி 9 முதல் பெரும்பாலான மருந்துச்சீட்டு மருந்துகளின் பெட்டிகளில் தனி அடையாள எண் கொண்ட டேட்டா மேட்ரிக்ஸ் குறியீடு (கியூஆர் போன்ற வேறொரு சதுரக் குறியீடு) கட்டாயம். இந்தியாவில் 2023 ஆகஸ்ட் 1 முதல் 300 மருந்து பிராண்டுகளுக்கு பார்கோடோ கியூஆர் குறியீடோ கட்டாயமாக்கப்பட்டது. பழைய லேசர் ஸ்கேனர்கள் கோட்டுக் குறியீட்டை மட்டுமே படிக்கும். சதுரக் குறியீட்டுக்கு கேமரா வகை ஸ்கேனர் வாங்க வேண்டும்.

வாங்கிய பிறகும் இரண்டு கோளாறுகள் தொடர்ந்து வரும். பொருள்களைக் குறிக்கும் உலகப் பொதுத் தரமான ஜிஎஸ்1 முறையில் 01 என்ற முன்னெண்ணை அடுத்து 14 இலக்கப் பொருள் எண், 17ஐ அடுத்து காலாவதி, 10ஐ அடுத்து பேட்ச், 21ஐ அடுத்து வரிசை எண் வரும். பேட்ச் எண்ணுக்கு நிலையான நீளம் இல்லை. அது எங்கே முடிகிறது என்பதைக் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிரிப்புக்குறிதான் காட்டுகிறது. கீபோர்டு போல இயங்கும்படி அமைத்த ஸ்கேனர்கள் பல சமயம் இந்தக் குறியை விழுங்கிவிடும். அப்போது A45 என்ற பேட்சும் 98765 என்ற வரிசை எண்ணும் ஒட்டிக்கொண்டு, 'A452198765' என்று பேட்ச் பதிவாகிவிடும். விற்பனைக்கு இது தடையாக இராது, பில்லும் சரியாகவே வரும். ஆனால் அந்த பேட்சைத் திரும்பப் பெறச் சொல்லி அறிவிப்பு வரும் நாளில் A45 என்று தேடினால் ஒரு பெட்டிகூடக் கிடைக்காது. வாங்கிச் சென்றவருக்கும் தகவல் போகாது. ஸ்கேனர் வாங்கிய அன்றே பத்து வெவ்வேறு பெட்டிகளை ஸ்கேன் செய்து, திரையில் விழுந்ததைப் பெட்டியோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுவிடுங்கள்.

இரண்டாவது கோளாறு காலாவதி தேதியில். ஆண்டு, மாதம், நாள் என ஆறு இலக்கம். நாள் இடத்தில் 00 இருந்தால் அந்த மாதத்தின் கடைசி நாள் என்று பொருள். சில மென்பொருள்கள் இதைத் தவறான தேதி என்று தள்ளிவிடும். சிலவோ முந்தைய மாதத்தின் கடைசி நாளாக எடுத்துக்கொண்டு, இன்னும் ஒரு மாதம் ஆயுளுள்ள மருந்தைக் காலாவதி என்று காட்டும்.

மாத்திரை அட்டையை வெட்டிக் கொடுக்கும்போது குறியீடு பெட்டியோடு கடையிலேயே தங்கிவிடுகிறது. உறையின் லேபிளில் பேட்சையும் காலாவதியையும் எழுதாமல் துண்டு அட்டையைக் கொடுக்கவே கூடாது.

சரிபார்ப்புக்காக ஸ்கேன் செய்வோர் கவனத்துக்கு: ஐந்து பெட்டி என்றால் ஐந்தையும் ஸ்கேன் செய்ய வேண்டும், ஒன்றையே ஐந்து முறை காட்டினால் இடையில் கலந்த வேறு வீரியப் பெட்டி தப்பிப் போய்விடும். பளபளப்பு உறையால் படிக்காத மருந்துக்கு நகல் குறியீட்டை மேசையில் ஒட்டிவைத்து அதை ஸ்கேன் செய்வது இன்னும் ஆபத்து. அப்போது கையில் இருக்கும் மருந்தை யாருமே சரிபார்க்கவில்லை. சரிக்கும் தவறுக்கும் வெவ்வேறு ஒலி வையுங்கள். ஒரே பீப் என்றால் அவசரத்தில் யாரும் திரையைப் பார்ப்பதில்லை.

ஸ்கேன் செய்தால் திறக்கும் பக்கம்

நோயாளிக்கு நன்மை விளைவது இங்கேதான். மருந்துக்கு ஒரு பக்கம் என்று வைத்தால் இன்ஹேலரில் விபரீதமாகும். ஒரே மருந்து இரண்டு கருவிகளில் வருகிறது. அழுத்தி எடுக்கும் இன்ஹேலரை நன்றாகக் குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, மெதுவாக ஆழ்ந்து இழுக்கும்போதே ஒரு முறை அழுத்தி, 10 விநாடி அடக்க வேண்டும். பொடி இன்ஹேலரை வேகமாக, பலமாக இழுக்க வேண்டும். மருந்தை ஏற்றிய பின் குலுக்கக் கூடாது. பக்கம் மாறினால் நோயாளி தவறான முறையைச் சிரத்தையாகப் பின்பற்றுவார், மருந்து நுரையீரலுக்குப் போகாது. எனவே கருவிக்கு ஒரு பக்கம். ஸ்டீராய்டு இன்ஹேலர் என்றால் வாய் கொப்பளித்துத் துப்பும் குறிப்பு முதல் திரையிலேயே தெரிய வேண்டும். இரண்டு வகைக் கண் சொட்டு என்றால் நடுவில் 5 நிமிட இடைவெளி என்பதும் அப்படியே.

பக்கத்தில் முதலில் பெரிய எழுத்தில் உரை, பிறகு ஒலி, கடைசியில் காணொளி. செயலி இறக்கச் சொல்வது, பதிவு செய்யச் சொல்வது, விளம்பரம் எதுவும் வேண்டாம். முகவரியைச் சுருக்கித் தரும் இலவசச் சேவைகளை நம்ப வேண்டாம். அவை நின்றால் வீடுகளில் இருக்கும் எல்லா லேபிளும் ஒரே நாளில் செத்துவிடும். சொந்த முகவரியையும் புதுப்பிக்காமல் விட்டால் வேறு யாரோ வாங்கிக்கொள்ளலாம். கடைசியாகக் கொடுத்த மருந்தின் காலாவதி வரையாவது அது உயிரோடு இருக்க வேண்டும்.

குறியீட்டில் நோயாளியின் பெயர், போன் எண், நோய் எதுவும் வேண்டாம். காலி பாட்டில் குப்பைக்குப் போகும்; அதை யாரும் ஸ்கேன் செய்யலாம். மறுமுறை மருந்து கேட்கும் குறியீட்டில் வரிசையாக ஓடாத, ஊகிக்க முடியாத எண் மட்டும் இருக்கட்டும். 1041 என்று இருந்தால் 1042 யாருடையது என்று பார்க்க எவருக்கும் தோன்றும்.

கவுண்டரில் ஒட்டியிருக்கும் குறியீட்டின் மேல் போலி ஸ்டிக்கர் ஒட்டி ஏமாற்றுவது உலகெங்கும் நடக்கிறது. கடை திறந்ததும் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்து, ஒரு முறை ஸ்கேன் செய்து முகவரியைச் சரிபாருங்கள். குறியீட்டின் கீழே அதே முகவரியை எழுத்திலும் அச்சிட்டால் நோயாளியும் ஒப்பிட்டுக்கொள்வார்.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு மூன்று தீர்மானங்கள் வைக்கப்படுகின்றன. ஒன்று, கருவிகளுக்கான செயல்முறைப் பக்கங்களைச் சங்கமே ஒரே முகவரியில் நடத்துவது; ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு மருந்தாளுநர்கள் படித்துக் கையொப்பமிட்ட பிறகே வெளியிடுவது. இரண்டு, பக்கத்தைத் திருத்தினால் திருத்திய தேதியை அதன் உச்சியில் போடுவது. மூன்று, மாதம் ஒரு முறை ஒவ்வொரு மருந்தகமும் தன் லேபிள் ஒன்றை ஒரு பழைய போனிலும் ஒரு புதிய போனிலும் ஸ்கேன் செய்து பதிவேட்டில் குறிப்பது. 18.5 மி.மீ. மாதிரி லேபிளும் ஸ்கேனர் சோதனைத் தாளும் வருகைப் பதிவு மேசையில் உள்ளன. ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
செயலாளர்