பீடிங் போட்டால் இரும்பு சாதுவாகிவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கானாடுகாத்தானில் ஒரு செட்டியார் வீட்டில் முப்பது வருஷமாகக் கார் ஓட்டுகிறேன். அம்பாசிடரில் ஆரம்பித்தது, இப்போது பொலிரோவில் நிற்கிறது. தைப்பூசச் சமயத்தில் நடந்த ஒரு சங்கதியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் வண்டிக்கு முன்னால் பம்பர் கார்டு ஒன்று உண்டு; பம்பருக்கு முன்னால் தடுப்பு மாதிரி முடுக்குகிற இரும்புக் குழாய். வாங்கிய புதிதில் ஆசைப்பட்டு மாட்டியது. அதன் பள்ளத்தில் செருகியிருக்கும் ரப்பர் பட்டை, பீடிங் என்போம், வெயிலில் வெடித்து, ஒரு முனை பிய்ந்து நாய் நாக்கு மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது. குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கும் காவடிக்காரர்களுக்குச் சாப்பாடும் தண்ணீரும் கொண்டுபோகிற வண்டி இது. "இந்தக் கோலத்துலயா சாமி காரியத்துக்குக் கொண்டுபோறது? மாத்திப் போடுங்க" என்றார்கள் ஆச்சி.

போன தடவை கடையில் விட்டேன். பசையைத் தடவி ஒட்டிக் கொடுத்தார்கள்; சிங்கம்புணரி தாண்டவில்லை, விழுந்துவிட்டது. அதனால் இந்த முறை 450 ரூபாய்க்குப் பீடிங்கை மட்டும் வாங்கி வந்து நானே உட்கார்ந்தேன். முனை மூடியின் திருகுகள் துருவேறி அசையவில்லை. ராத்திரி மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்துக் காலையில் கழற்றினேன். பழைய ரப்பரை இழுத்தால் உள்ளே பள்ளம் முழுக்கச் செம்மண்ணும் துருவும். தண்ணீர் வடிய வழியில்லாமல் தேங்கினால் இரும்பு என்ன செய்யும்? துருவை ஆராய்ச்சி செய்கிற சிக்ரி ஆய்வகம் பக்கத்தில் காரைக்குடியிலேயே இருந்தும் நம் வண்டிக்கு அது தெரியவில்லை பாருங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, துருப் பிடிக்காமலிருக்க ரெட் ஆக்சைடு பெயிண்ட் அடித்துக் காயவிட்டேன். புது ரப்பரை முற்றத்து வெயிலில் அரை மணி நேரம் போட்டதும் இளகிக் கொடுத்தது. எண்ணெய் தொட்டால் ரப்பர் ஊதிப்போகும், சோப்புத் தண்ணீர்தான் சரி. ஒரு முனையில் செருகித் தள்ளிக்கொண்டே போக வேண்டும்; இழுத்து நீட்டி மாட்டினால் பிறகு சுருங்கி முனையில் இடைவெளி விழும். அரை அங்குலம் கூடவே விட்டு மறுநாள்தான் வெட்டினேன். ஊறவைத்த, காயவிட்ட நேரம் போக, கைவேலை அரை நாள். பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்தது.

அப்புறம் யாத்திரை. நத்தம் பக்கம் விடியாத நேரத்தில் ஒரு போலீஸ் அதிகாரி டார்ச் அடித்து நிறுத்தினார். பீடிங்கைத் தடவிப் பார்த்தார். "புதுசு சார், நானே போட்டேன். யார் மேலயாவது லேசாப் பட்டாலும் அடி தெரியாது" என்றேன். அவர் பதில் சொல்லாமல், அப்பாவின் கையைப் பிடித்து நடந்துகொண்டிருந்த ஒரு சின்னப் பையனைக் காட்டி, "உங்க கம்பி அவனுக்கு எந்த இடத்துல வரும்?" என்று கேட்டார்.

நெஞ்சுக்கு நேராக வரும்.

2017 டிசம்பரிலேயே இந்தக் கார்டுகளை மாட்டக்கூடாது, மாட்டியவர்கள் மேல் நடவடிக்கை எடுங்கள் என்று மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறதாம். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுக்கு இது விரோதமாம். முன்பக்கத் தகடு மோதலில் நசுங்கி அடியின் வேகத்தைத் தானே வாங்கிக்கொள்ளும்; வண்டியின் அடிச்சட்டமான சேசிஸில் முடுக்கிய இரும்புக் குழாய் நசுங்காது, அடியை நேரே சேசிஸுக்குக் கடத்திவிடும். ஏர்பேக் உள்ள வண்டி என்றால் அது விரிய வேண்டிய நேரமும் தப்பிப்போகலாம். இதற்கு மேல் ஒரு விரல் கனத்துக்கு ரப்பரைச் செருகிவிட்டு நான் நிம்மதியாக இருந்திருக்கிறேன். அவர் அபராதம் போடவில்லை. போட்டிருந்தால்கூட மனசு இவ்வளவு உறுத்தியிருக்காது.

என் ஆதங்கம் இதுதான். ரோட்டில் டிரைவரை நிறுத்திக் கேட்கிறார்கள், சரி. வாசலிலேயே வரிசையாகத் தொங்கவிட்டு, "ரப்பர் வச்ச மாடல், சேஃப்டி" என்று சொல்லி விற்கும் கடையை யார் கேட்கிறார்கள்? நாங்கள் படித்தவர்கள் இல்லை. ரப்பரைப் பார்த்ததும் நம்பிவிடுகிறோம். அடுத்த தைக்குள் அதிகாரிகள் ஒரு முறை கடைப் பக்கமும் போய் வரட்டும்.

வீடு திரும்பியதும் ஆச்சியிடம் சொல்லிவிட்டுக் கார்டைக் கழற்றிவிட்டேன். எடைக்குப் போடலாம் என்று பீடிங் வாங்கிய கடைக்கே கொண்டுபோனேன். கடைக்காரர் திருப்பிப் பார்த்து, "பீடிங் புதுசா இருக்கே அண்ணே, வேற வண்டிக்கு மாட்டிடலாம், 1500 தர்றேன்" என்றார். கொடுக்கவில்லை. மாட்டுக்கொட்டகையில் கிடக்கிறது.

— ஒரு கார் டிரைவர், கானாடுகாத்தான்